கொழுப்பு குடித்த தோல்

இலியட் காவியத்தின் 17ஆம் காண்டத்தில், பத்ரோக்ளஸின் சடலத்துக்காக இரு படைகளும் மல்லுக்கட்டும் இடத்தில் ஹோமர் ஓர் உவமை சொல்கிறார். கொழுப்பில் தோய்ந்த மாட்டுத்தோலைப் பலர் வட்டமாக நின்று இழுக்கின்றனர். இழுக்க இழுக்க ஈரம் வெளியேறி, கொழுப்பு உள்ளிறங்குகிறது. போர்க்களத்தை விளக்க வந்த இவ்வரிகளில், தோலை நீரிலிருந்து காக்கும் கலையின் அடிப்படையே அடங்கியிருப்பதைக் காண்கிறோம்.

தோல் என்பது நுண்ணிய நார்களின் பின்னல். இடைவெளிகளில் நீர் புகுந்து பின் காய்ந்தால், நார்கள் ஒட்டிக்கொண்டு தோல் விறைத்துப்போகும். அவ்விடத்தைக் கொழுப்பு முன்னரே நிரப்பிவிட்டால் நீர் எளிதில் ஊறாது. மாட்டுக்கொழுப்பையும் மீனெண்ணெயையும் கலந்து ஆங்கிலேயர் பூசிய 'டப்பின்' செய்ததும் இதைத்தான். மாட்டின் கால் எலும்புகளைக் காய்ச்சி எடுத்த எண்ணெயையும் பயன்படுத்தினர்; குளிரிலும் அது எளிதில் உறைவதில்லை. மாட்டின் காலில் இருந்த நெய் மனிதனின் காலணிக்கு வந்து சேர்ந்தது.

இக்கலை தன் எல்லையைக் கண்டது முதல் உலகப்போரில். 1914-15 குளிர்காலத்தில், பதுங்குகுழிகளின் சேற்றுநீரில் நாட்கணக்கில் நின்ற பிரிட்டிஷ் படையினரில் ஏறத்தாழ 20,000 பேருக்குப் பாதங்கள் மரத்து, வீங்கி, சிலருக்கு அழுகியும் போயின என்பர். 1914 செப்டம்பர் முதல் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கிய இந்தியச் சிப்பாய்களும் அச்சேற்றில் நின்றவர்களே. கொழுப்பு பூசிய பூட்ஸ் மழையைத் தாங்கும். தேங்கிய நீரோ தையல் வழியாகவும் பூட்ஸின் வாய் வழியாகவும் உள்ளே வந்தது. பின்னர் முழங்காலுக்கு மேலேறும் ரப்பர் பூட்ஸ் வழங்கினர். காலுறைகளை அடிக்கடி மாற்றவும், பாதங்களில் திமிங்கல எண்ணெய் தேய்க்கவும் ஆணையிட்டனர். இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் பாதத்தை மற்றவர் கவனித்துக்கொள்ளும் வழக்கமும் வந்தது.

இன்று வீட்டில் பூட்ஸைப் பேணும் நமக்கும் இவ்வரலாறு பயன்படும். நனைந்த தோலை நெருப்பருகே வைத்தால் அது சுருங்கி வெடிக்கும். நிழலில் காயவிட வேண்டும். சேற்றைத் துடைத்து, தேன்மெழுகோ டப்பினோ மெல்லியதாகப் பூசி, தையல்களில் அழுத்தித் தேய்த்து, ஓர் இரவு விட்டுவைக்கலாம். ஜாக்கெட்டின் மென்தோலுக்கு இன்னும் குறைவாகவே போதும்; மிகுந்தால் நிறம் கறுத்துத் துவண்டுவிடும். எவ்வளவு பூசினாலும் தேங்கிய நீரில் நிற்கும் துணிவை அது தராது. அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் பதுங்குகுழிகளில் நின்றவர்கள்.