தலைநகரில் நாம் குடியிருந்த வீடுகள்

டில்லித் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் சங்கங்களையும் பள்ளிகளையும் கோயில்களையும் விரித்துரைப்பர். நாம் குடியிருந்த வீடுகளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நமக்கு அண்டை வீட்டார் யார், நம் குழந்தைகள் யாருடன் விளையாடினர் என்பவற்றைப் பெரும்பாலும் முடிவு செய்தவை அவ்வீடுகளே. ஆதலின் இவ்வாண்டு மலரில் அவை பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்று 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். லட்யன்ஸ், பேக்கர் முதலியோர் வகுத்த புதுடில்லி 1931 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பெற்றது. அந்நகரின் வரைபடத்தை ஒரு சம்பளப் பட்டியல் என்றே சொல்லலாம். ரெய்சினாக் குன்றின்மேல் வைசிராய் மாளிகை. அதனையடுத்துப் பெருந்தோட்டங்களின் நடுவே உயர் அதிகாரிகளின் பங்களாக்கள். அப்பால் குமாஸ்தாக்களுக்குச் சிறு வீடுகள். கடைநிலைச் சிப்பந்திகளுக்கு அவற்றினும் சிறியவை. பதவியும் தோலின் நிறமும் சேர்ந்து வீட்டின் அளவைத் தீர்மானித்தன.

சுதந்திரம் வந்தபின் நிறம் நீங்கிற்று, பதவி நீங்கவில்லை. வினய் நகரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் சர்க்கார் குவார்ட்டர்ஸ் வகை வகையாகவே எழுந்தன. பதவி உயர்வு பெற்றவர் வீட்டையும் அண்டை அயலாரையும் ஒருங்கே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. (நவராத்திரிக் கொலுவுக்கு வந்த மாமிகள் மட்டும் வகை பார்த்ததில்லை என்பதை நன்றியுடன் குறிக்கிறோம்.) ஓய்வு பெற்றாலோ வீட்டையே ஒப்படைத்தாக வேண்டும். முப்பது ஆண்டுகள் உழைத்தவர்க்கும் இந்நகரில் காலூன்ற இடமில்லை என்பதே நம்மவர் பலரின் நிலை.

இக்குறைக்கு ஒரு விடை அளகநந்தாப் பகுதியில் எழுந்தது. தென்னிந்திய அரசு ஊழியர்கள் பெரும்பாலோராக இருந்த ஒரு கூட்டுறவுச் சங்கத்திற்காக, ரஞ்சித் சபிகி, அஜோய் சௌத்ரி என்னும் கட்டடக் கலைஞர்கள் 1970களில் யமுனா குடியிருப்பை வரைந்தனர். 200 வீடுகள்; நான்கு மாடிகளுக்கு மேற்படாத கட்டடங்கள். அக்காலத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாடிப்படியும் மூடிய கதவும்தான் உண்டு. வெளியே கிடக்கும் நிலம் எவருக்கும் சொந்தமன்று. இவர்களோ முதலில் தெருவை வரைந்தனர். வாகனங்களை வெளி ஓரத்தில் நிறுத்திவிட்டு, மனிதர் மட்டும் நடக்கும் குறுகிய தெருக்களை உள்ளே அமைத்து, அவற்றை நடுவிலுள்ள பொதுவெளியில் கொண்டு சேர்த்தனர். மாடி முற்றங்கள் அத்தெருக்களையே நோக்கின. குறுகிய தெருவில் ஒரு வரிசை வீடுகளின் நிழல் மறு வரிசைமேல் விழும். டில்லியின் வெயிலை அறிந்தவர்க்கு இதன் அருமை தெரியும். தெருவில் விளையாடும் குழந்தையை எந்த மாடியிலிருந்தும் எவரேனும் பார்த்துக்கொண்டிருப்பர். பழைய டில்லியின் மொஹல்லா இங்கே மறுபிறப்பு எடுத்தது என்பர் சிலர். நமக்கோ ஊர்த் திண்ணையின் நினைவே வருகிறது. ராஜ் ரேவால் வரைந்து 1982இல் முடிந்த ஆசிய விளையாட்டுக் கிராமத்திலும் இத்தகைய தெருக்களைக் காணலாம்.

குறையில்லை என்று சொல்லோம். நாற்பது வயதில் விரைந்தேறிய படி எழுபதில் மலையாகிறது. அன்றியும், கூட்டுறவுச் சங்கத்தில் பங்குத் தொகை செலுத்த வல்லவர்க்கே அத்தெருவில் இடம்.

வல்லமையில்லாத தமிழரும் இந்நகரில் உண்டு. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் பல பத்தாண்டுகளாக இருந்து வந்தது மதராஸி கேம்ப். எந்தக் கட்டடக் கலைஞரும் வரையாத இடம் அது. ஆயினும் யமுனாவில் முயன்று அமைத்தவற்றுள் பல அங்கே தாமாகவே அமைந்திருந்தன: எதிரெதிர் வாசல்கள், தெரிந்த முகங்கள், அவற்றோடு நடந்து செல்லும் தொலைவில் வேலை, எட்டும் தூரத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி. வாய்க்காலைச் சீர்செய்ய வேண்டி, உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குடும்பங்களுள் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை எனக் கணக்கிடப்பட்டன. அவ்வீடுகள் இருப்பது நகரின் வடகோடியான நரேலாவில்; ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. சுவரும் கூரையும் முன்னிருந்தவற்றினும் உறுதியானவைதாம். ஆனால் விடியுமுன் ஜங்புரா வீடுகளில் பாத்திரம் துலக்க வரவேண்டிய பெண்மணி அங்கிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுவார்? வேலையை இழக்க இயலாமல், பழைய இடத்தின் அருகிலேயே வாடகைக்கு அறை தேடியவர்களும் உண்டு.