முனை மழுங்கிய பெட்டி

இன்று கைபேசியில் நாம் தொடும் பொத்தான்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூர்முனை கிடையாது. அந்த மழுங்கல் பிறந்த கதையில், ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் தெருவில் நடந்த கட்டத்தைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கணக்கு.

1981 மே மாதம். கலிபோர்னியாவின் கூப்பர்டினோவில், டெக்சாகோ பெட்ரோல் பங்க் ஒன்றின் அருகே இருந்ததால் ‘டெக்சாகோ டவர்ஸ்’ என்று வேடிக்கையாகப் பெயர் வாங்கிய சின்னக் கட்டடத்தில் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினிக் குழு இருந்தது. ஆப்பிள் நிரலர் பில் அட்கின்சன் பெரும்பாலும் வீட்டிலிருந்தே நிரல் எழுதுவார். ஏதாவது கைகூடினால் ஓடிவந்து காட்டுவார். அன்று அவர் காட்டியது வட்டங்களும் நீள்வட்டங்களும். கண் இமைப்பதற்குள் திரை நிரம்பியது.

மெக்கின்டாஷின் மோட்டோரோலா 68000 சில்லுக்கு மிதவைப்புள்ளிக் கணக்கு (பின்ன எண்களைக் கையாளும் கணக்கு) நேரடியாகத் தெரியாது. வட்டம் போட வர்க்கமூலம் வேண்டும். அதைக் கேட்டால் திணறிவிடும். அட்கின்சன் அந்தப் பக்கமே போகவில்லை. 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்கள் தாமாகவே கிடைக்கும். வட்டத்தின் விளிம்பில் ஒவ்வொரு வரிசையாக இறங்கும்போது அடுத்த ஒற்றைப்படை எண்ணைச் சேர்த்தால் போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கூட்டல்தான்.

ஜாப்ஸ் அதோடு விடவில்லை. முனை வளைந்த செவ்வகம் வருமா என்று கேட்டார். கடினம், தேவையும் இல்லை என்றார் அட்கின்சன். உடனே ஜாப்ஸ் அறையிலிருந்த பொருள்களைக் காட்டினார். பிறகு தெருவுக்கே கூட்டிப்போய், கண்ணில் பட்ட வளைமுனைகளையெல்லாம் சுட்டிக்கொண்டே வந்தார். ஒரு ‘நோ பார்க்கிங்’ பலகை வந்தபோது அட்கின்சன் இறங்கிவந்தார். மறுநாள் பிற்பகலே வளைமுனைச் செவ்வகம் திரையில் ஓடியது. மெக்கின்டாஷ் குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் பிற்காலத்தில் இதை எழுதிவைத்தார்.

ஒரே நாளில் எப்படி முடிந்தது? நீள்வட்டத்தை நான்காக வகுத்து முனைக்கு ஒன்றாக வைத்து, இடையில் நேர்கோடு இழுத்தால் ஆயிற்று. பழைய கூட்டலே இதற்கும் உதவியது. குவிக்டிரா வரைகலைத் தொகுப்பில் அது சாதாரணச் செவ்வகத்துக்கு ஏறக்குறைய ஈடாக ஓடியதால்தான் பொத்தான் தொடங்கி எல்லா இடத்திலும் புழங்கியது. மெதுவாக ஓடியிருந்தால் எந்த நிரலரும் அதைச் சீந்தியிருக்க மாட்டார். ஜாப்ஸின் கண்ணுக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது அந்தக் கூட்டலுக்குச் சேர வேண்டும். 1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் வெளிவந்தபோது, திரைப் பின்புலத்தின் நான்கு முனைகளும்கூட வளைந்தே இருந்தன.

பிறகும் எல்லோருக்கும் வளைமுனை எளிதில் கிடைத்துவிடவில்லை. 2000-களில் இணையப் பக்க வடிவமைப்பாளர்கள் ஒரு பெட்டிக்கு நான்கு குட்டிப் படங்களை வெட்டி ஒட்டினார்கள். ரசனையும் மாறிமாறி வந்தது: விண்டோஸ் 8 முனைகளைக் கூராக்கியது. 2021-ல் விண்டோஸ் 11 மறுபடி மழுக்கியது.

குவிக்டிராவின் மூல நிரலை 2010-ல் கணினி வரலாற்று அருங்காட்சியகம் இணையத்தில் வெளியிட்டது. அசெம்பிளி மொழி தெரிந்தவர்கள் அந்தக் கூட்டலைத் தேடிப் படித்துப் பாருங்கள்.