பல மொழி பேசும் ஒரு திருச்சபை

புணே நகரின் மேற்கே, முளா ஆற்றங்கரையை ஒட்டிக் குன்றின் அடிவாரத்தில் இருப்பது பாணேர். பயிர்த்தொழில் செய்வோர் வாழ்ந்த சிற்றூராய் இருந்த அவ்விடம், இன்று அடுக்குமாடி வீடுகளும் கணிப்பொறி நிறுவனங்களும் நிறைந்த நகர்ப்புறமாய் மாறிவிட்டது. அங்கே மராத்திக்கு அருகில் தமிழும், தமிழுக்கு அருகில் தெலுங்கும் இந்தியும் ஒலிக்கக் கேட்கிறோம். தொழில் நாடித் தாயகத்தை விட்டு வந்த நாம் அந்தப் பன்மொழிக் கூட்டத்தில் ஒரு பகுதியினர். பழைய பெயரால் பாலமூர் எனப்படும் மகபூப்நகர் மாவட்டத்துத் தொழிலாளர்களும் கட்டட வேலைக்காக மும்பைக்கும் புணேக்கும் நெடுங்காலமாக வந்துகொண்டிருப்பவர்களே.

பல மொழியினர் கூடி வாழும் இடத்தில் ஒரு சமூகம் எதைப் போற்ற வேண்டும், எதை விட்டுக் கொடுக்கலாம்? இக்கேள்வி நம்மைப் போலவே உலகில் வேறு சிலரையும் வருத்தியிருக்கிறது. அவர்களுள் ஐந்நூறு ஆண்டுகளாக நாடு விட்டு நாடு சென்ற மென்னோனைட்டுக் கிறித்தவர்களின் வரலாறு நாம் அறியத்தக்கது. அவர்கள் சபைகளுள் இந்தியாவில் மிகப் பெரியது, பாலமூரை உள்ளிட்ட தெலுங்கு மண்ணிலேயே வேரூன்றியுள்ளது.

1525ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் சிலர் ஒன்றுகூடி, தாமே அறிந்து நம்பி ஏற்கும் வயதில்தான் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று முடிவு செய்தனர். பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் ஞானஸ்நானம் அளித்து, நாட்டின் குடிகளையும் சபையின் உறுப்பினரையும் ஒன்றாகவே எண்ணிய அக்கால அரசுகள் இதனைப் பெருங்குற்றமாகக் கருதின. அவர்களுள் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ் 1527இல் லிம்மத் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார். ஒல்லாந்துப் பாதிரியாராயிருந்த மென்னோ சைமன்ஸ் 1536இல் தம் பதவியைத் துறந்து இவ்வியக்கத்தில் சேர்ந்தார். சிதறுண்டிருந்த மக்களை ஒன்று சேர்த்த அவர் பெயரே பின்னர் சபைக்கு வழங்கலாயிற்று. வாள் எடுத்தல் ஆகாது, ஆணையிட்டுச் சத்தியம் செய்தல் ஆகாது, துன்புறும் சகோதரனைச் சபையே தாங்க வேண்டும் என்பன அவர்களது கொள்கைகள்.

இக்கொள்கைக்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வர். 1569இல் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் சிறையினின்று தப்பி, உறைந்த நீர்நிலையின் மேல் ஓடினார். துரத்தி வந்த காவலன் பனிக்கட்டி உடைந்து நீருள் விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார். உயிர் கொடுத்தவரையே பிடித்துச் சென்று தீயிலிட்டனர்.

துன்பம் தாளாது பலர் கிழக்கே விஸ்துலா ஆற்றின் கழிமுகத்தில் குடியேறினர். அங்கே பேச்சு மொழியாகிய தாழ்ஜெர்மனைக் கைக்கொண்டனர். பின்னர் ருசியப் பேரரசின் அழைப்பை ஏற்று, இன்றைய உக்ரைனில் 1789இல் கோர்திட்சாக் குடியிருப்பை நிறுவினர். படைச் சேவையினின்று விலக்கும் தம் மொழியில் பள்ளி நடத்தும் உரிமையும் பெற்றனர். ஆனால் சுற்றிலும் வாழ்ந்த மக்களைத் தம் சபையில் சேர்க்க அந்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. இதனால் விளைந்தது யாது? சபை ஒரு குலமாயிற்று. சமயமும் பேச்சும் உணவும் திருமணமும் ஒரே வேலிக்குள் அடங்கின. படை விலக்கு பறிபோகும் நிலை வந்தபோது, 1870களில் ஏறத்தாழ 18,000 பேர் அமெரிக்காவிற்கும் கனடாவிற்கும் சென்றனர். வேலியையும் உடன் கொண்டே சென்றனர்.

அவ்வேலியைத் தாண்டச் செய்த நாடுகளுள் நம் இந்தியாவும் ஒன்று. ருசியாவினின்று வந்த ஆபிரகாம் பிரீசனும் அவர் துணைவியாரும் 1890இல் நல்கொண்டாவில் பணி தொடங்கினர். அடுத்து 1896-97இன் கொடும் பஞ்சம் வந்தது. புணேக்கு அருகிலுள்ள கேட்காவில் பண்டித ரமாபாய், மத்திய மாகாணத்துப் பஞ்சத்தினின்று மீட்ட பெண்களுக்குப் புகலிடம் அமைத்ததும் அந்நாளிலேதான். அதே பஞ்சத்தில், ஜார்ஜ் லாம்பர்ட் அமெரிக்க மென்னோனைட்டு உழவர்களின் உதவியை இங்கே கொணர்ந்தார். 1899இல் ரெஸ்லரும் மருத்துவர் பேஜும் சத்தீஸ்கரிலுள்ள தம்தரியில் தங்கினர். அடுத்த ஆண்டு மற்றொரு பிரிவினர் வந்து, சாம்பாவில் தொழுநோயாளர் இல்லம் அமைத்தனர்.

தம்தரியில் முதலில் கூடியது சபை அன்று, பசித்த குழந்தைகளின் கூட்டம். 1899-1900இன் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பல சாதிக் குழந்தைகள் ஒரே கூரையின்கீழ் வளர்ந்து, கல்வியும் கைத்தொழிலும் கற்றனர். அவர்கள் வளர்ந்து குடும்பம் அமைத்தபோது உறவும் இல்லை, நிலமும் இல்லை. ஆகவே மிஷன் பலோத்கஹான் என்னும் ஊரையே விலைக்கு வாங்கிற்று. இங்கே ஒரு முரண் தோன்றியது. எல்லோரும் உடன்பிறந்தார் என்று போதித்த சபை, நிலவரி வசூலிக்கும் மால்குஜாராகவும் நிற்க நேர்ந்தது. பஞ்சத்தில் அன்னமிட்ட கையே குத்தகை கேட்கும் கையாகவும் இருந்தால் சமத்துவம் எளிதில் வளருமா? அறம் செய்வோரும் அதிகாரம் கைக்கு வரும்போது விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பதை இவ்வூர் நமக்கு உணர்த்துகிறது. நாடு விடுதலை பெற்றபின் பொறுப்புகள் படிப்படியாக இந்தியர் கைக்கு வந்தன. தம்தரியின் மருத்துவமனையும் பள்ளிகளும் சமயம் பாராது பொதுமக்களுக்குத் தொண்டு புரிந்து வந்தன.

சபையின் வாழ்வும் உருமாறியது. தாழ்ஜெர்மன் அறியாத சபைகள் எழுந்தன. தெலுங்கு மண்ணில் தெலுங்குக் கீர்த்தனைகளும் சத்தீஸ்கரில் இந்தி பஜனைகளும் வழிபாட்டில் இடம்பெற்றன. பல பிரிவுகளாயிருந்த இந்தியச் சபைகள் 1963இல் சேவைக்கும் சமாதானப் பணிக்குமாகக் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தின. 1997இல் கல்கத்தா நகரில் மென்னோனைட்டு உலக மாநாடு கூடியது. இன்று உலகெங்கும் இச்சபையினத்தில் ஞானஸ்நானம் பெற்றோர் 20 இலட்சத்திற்கு மேற்பட்டவர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வாழ்கின்றனர். தாழ்ஜெர்மன் பேச்சும் பழைய பலகார வகைகளுந்தாம் மென்னோனைட்டின் அடையாளம் என்று இனி எவரும் சொல்ல இயலாது. வாள் எடாமையும் ஒருவர்க்கொருவர் துணை நிற்றலுமே எஞ்சிய அடையாளங்கள்.

ஆயினும் வேலி அகன்றதால் மொழிச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. புணே போன்ற நகரில் கூடும் ஒரு சபை எம்மொழியில் வழிபடுவது? முதியோர்க்குத் தாய்மொழிப் பாட்டு வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளோ அதன் எழுத்தையே அறியார். பொதுமொழி ஒன்றை வைத்தால் அண்டை வீட்டார் வருவர். ஆனால் பாட்டியின் பிரார்த்தனை பேரனுக்குப் புரியாமற் போகும். இது அவர்களுடைய கேள்வி மட்டுமன்று. வெளிமாநிலத்துத் தமிழ்ச் சங்கத்திலும், கோயிலிலும், தேவாலயத்திலும், நம் வீட்டுக் கூடத்திலும் எழும் கேள்வியும் இதுவே.

மென்னோனைட்டு வரலாறு நமக்கு இரு உண்மைகளைக் காட்டுகிறது. நாடு மாறியும் ஒரு மொழி பல தலைமுறை வாழ்ந்ததற்குக் காரணம், அவர்கள் அதனை வீட்டிலும் பள்ளியிலும் நாள்தோறும் வழங்கியமையே. விழா நாளில் மட்டும் நினைக்கும் மொழி நிலைக்காது. மற்றொன்று, மொழியைக் காக்கும் சுவர் மனிதரைத் தடுக்கும் சுவராகிவிட்டால், உள்ளிருப்போரின் கொள்கையே சுருங்கிவிடும். ஆகவே நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிப்போம்; அதனோடு மராத்தியும் பேசப் பழக்குவோம். நம் வீட்டை எழுப்பித் தந்த பாலமூர்த் தொழிலாளியின் நலத்தையும் அவர் மொழியில் ஒரு சொல்லால் விசாரிப்போம். தாய்மொழியும் அண்டை வீட்டாரின் நட்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.