லென்ஸுக்குள் பூஞ்சை... மழைக்காலத்தில் கேமராவைப் பாதுகாப்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையெல்லாம் ஓய்ந்து, பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போதுதான் பலருக்கும் கேமரா ஞாபகம் வரும். பீரோவிலிருந்து பையை எடுத்து, லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால்... கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிசாக ஒரு படலம். துடைத்தால் போகாது. ஏனென்றால், அது இருப்பது உள்பக்கம். அதுதான் ஃபங்கஸ் எனும் பூஞ்சை.

ஆசைக்குப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர், இ.எம்.ஐ போட்டு ஜூம் லென்ஸ் வாங்கினார். அடிபடக் கூடாது என்று பையோடு பீரோவில் பூட்டி வைத்தவர், அதை வெளியே எடுத்தது தங்கையின் கல்யாணத்துக்குத்தான். ``முகூர்த்த நேரம், ஜன்னல் வெளிச்சம் நேரா வந்துச்சு. எல்லா போட்டோலயும் புகை அடிச்ச மாதிரி வெளுத்துப்போச்சு. எடிட்டிங்ல என்ன பண்ணியும் சரியாகல. லென்ஸ் போனாகூட வேற வாங்கிக்கலாம். அந்தக் காலை நேரம் திரும்ப வருமா?'' என்று இன்றும் புலம்புகிறார்.

இத்தனைக்கும் அவர் லென்ஸைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். அந்தப் பத்திரம்தான் பிரச்னையே!

பூஞ்சை ஏன் வருகிறது?

பூஞ்சையின் வித்துகள் நாம் சுவாசிக்கும் காற்றிலேயே இருக்கின்றன. லென்ஸைத் தயாரிக்கும்போதும், ஜூமை முன்னும் பின்னும் நகர்த்தும்போதும் அவை உள்ளே போவதைத் தடுக்க முடியாது. ஆனால், வித்து முளைக்க நான்கு விஷயங்கள் வேண்டும். ஈரப்பதம், இருட்டு, காற்றோட்டம் இல்லாத இடம், சாப்பிட ஏதாவது. விரல் ரேகையின் எண்ணெய்ப் பசை, தூசு, துணி நூல் ஆகியவையே அதற்குப் போதுமான சாப்பாடு.

காற்றின் ஈரப்பதம் 70 சதவிகிதத்துக்கு மேல் தொடர்ந்து சில நாள்கள் இருந்தால் பூஞ்சை வளர ஆரம்பித்துவிடும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இது சர்வசாதாரணம். வெப்பம் 10 முதல் 35 டிகிரி வரை இருப்பது அதற்குத் தோதானது. அதாவது, நம் வீட்டு பீரோ!

பூஞ்சை வளரும்போது அமிலத்தைச் சுரக்கும். அது லென்ஸின் மேல்பூச்சை அரித்து, பிறகு கண்ணாடியிலேயே தடம் பதித்துவிடும். அந்த நிலைக்குப் போய்விட்டால், பூஞ்சையைச் சுத்தம் செய்தாலும் தடம் போகாது.

கண்டுபிடிப்பது எப்படி?

லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, இரண்டு மூடிகளையும் எடுத்துவிடுங்கள். இருட்டான அறையில், பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் வழியாகச் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். பிறகு திருப்பி வைத்தும் பாருங்கள். பழைய லென்ஸ்களில் அப்பர்ச்சரை முழுமையாகத் திறந்துவைத்துப் பார்க்க வேண்டும்.

* தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது தூசு. எல்லா லென்ஸிலும் இருக்கும், கவலை வேண்டாம்.
* வேர் மாதிரி, மரக்கிளை மாதிரி பிரிந்து பிரிந்து ஓடினால் அது பூஞ்சை.
* கண்ணாடி முழுக்க ஒரே சீராக மங்கலாக இருந்தால், அது உள்ளே இருக்கும் மசகு எண்ணெய் ஆவியாகிப் படிந்த படலமாக இருக்கலாம்.

செகண்ட் ஹேண்டில் லென்ஸ் வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் இந்த டார்ச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். ``சின்ன புள்ளிதான் சார், போட்டோல தெரியாது'' என்பார்கள். சாதாரண வெளிச்சத்தில் தெரியாதுதான். வெளிச்சத்துக்கு எதிரே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பூஞ்சை பரவியிருந்தால் படம் வெளுத்து, கான்ட்ராஸ்ட் குறைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எவ்வளவு ஈரப்பதம் சரி?

கேமரா, லென்ஸ் இருக்கும் இடத்தில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவிகிதம் வரை இருப்பது நல்லது. 30-க்குக் கீழே நீண்ட காலம் இறங்குவதும் நல்லதல்ல. ரப்பர் பாகங்களும் மசகும் காய்ந்துபோக வாய்ப்புண்டு.

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மின்சாரத்தில் இயங்கும் டிரை கேபினெட். எண்ணைச் செட் செய்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். மூன்று, நான்கு லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல முதலீடு.

ஒரு கேமரா, இரண்டு லென்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஏர்டைட் டப்பாவே போதும். மூடியில் ரப்பர் வளையம் உள்ள, சுமார் 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, 150 முதல் 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர். அவ்வளவுதான். ஈரப்பதம் 30-க்குக் கீழே போனால் ஜெல்லைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. எந்த நிறமானாலும் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சியதும் ஜெல் நிறம் மாறும். அப்போது ஓ.டி.ஜி-யில், சமையலுக்குப் பயன்படுத்தாத தட்டில் பரப்பி, சுமார் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் வைக்கவும்.

ஹைக்ரோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா?

விலை குறைந்த மீட்டர்கள் தப்பாகக் காட்டுவது உண்டு. சோதித்துப் பார்க்க சமையலறை உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவரில் வைத்து மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் 75 சதவிகிதம் காட்ட வேண்டும். 80 என்று காட்டினால், உங்கள் மீட்டர் 5 கூடுதலாகச் சொல்கிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

* அரிசி டப்பாவில் லென்ஸை வைப்பது. அரிசி மாவும் தூசும்தான் உள்ளே போகும். பூஞ்சைக்கு அது விருந்து.
* நாப்தலின் உருண்டை, கற்பூரம் வைப்பது. அவற்றின் ஆவி கண்ணாடியில் படியும்.
* லென்ஸை மொட்டைமாடி வெயிலில் காயவைப்பது. சூட்டில் மசகு இளகும். பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துத் தீப்பிடிக்கவும் வைக்கலாம்.
* தோல் உறையிலோ, நனைந்த கேமரா பையிலோ மாதக்கணக்கில் விட்டுவைப்பது. பையின் ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஏ.சி அறையிலிருந்து வெளியே வரும்போதும் கவனம் தேவை. குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்று பட்டதும் பனி மாதிரி நீர் படியும். கிளம்பும் முன்பே கேமராவை ஜிப் கவருக்குள் வைத்து மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. நீர் படிந்திருக்கும்போது லென்ஸைக் கழற்றவே கூடாது.

வந்துவிட்டால்?

வெளிப்பக்கக் கண்ணாடியில் என்றால் புளோயரால் தூசியை ஊதிவிட்டு, லென்ஸ் கிளீனிங் திரவம் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம். உள்ளே இருந்தால், வீடியோ பார்த்து நீங்களே பிரிக்காதீர்கள். கண்ணாடிகளின் இடம் ஒரு துளி மாறினாலும் ஃபோகஸ் போய்விடும். அனுபவமுள்ள சர்வீஸ் டெக்னீஷியனிடம் கொடுங்கள். பெரும்பாலான வாரன்ட்டிகளில் பூஞ்சை சேராது. 50 எம்.எம் போன்ற விலை குறைந்த லென்ஸ் என்றால், சர்வீஸ் செலவைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். சில நேரம் புதிதாக வாங்குவதே லாபம்.

ஒரு லென்ஸில் வந்தால் மற்றதற்கும் ஒட்டிக்கொள்ளுமா? வித்து எல்லா இடத்திலும் இருப்பதால், காய்ந்த இடத்தில் வைத்திருக்கும் லென்ஸுக்குப் பெரிய ஆபத்தில்லை. இருந்தாலும் சுத்தம் செய்யும்வரை தனியாக வைப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட எளிய வழி, வாரம் ஒருமுறையாவது லென்ஸை வெளியே எடுத்துப் படம் எடுப்பது. வெளிச்சமும் காற்றும் பட்டாலே பூஞ்சைக்குப் பாதி வேலை நின்றுவிடும். விசேஷத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்று மாலையே பையைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்களேன்!