ஒரு வெண்தூளும் அதன் பெயர்களும்



பூசணிக் கொடியின் இலைகளிலே சில காலங்களில் சாம்பலைத் தூவியது போன்ற வெண்தூள் படிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது தூசியன்று, உயிருள்ள பங்கசு. இலையின் மேற்பரப்பில் மெல்லிய இழைகளைப் பரப்பி, உறிஞ்சும் உறுப்புகளை மேற்றோலினுள் செலுத்தி, செடியின் உணவைக் கவர்ந்துண்கின்றது. அதன் வித்திகள் காற்றிலே பறந்து நோயைப் பரப்புகின்றன. உயிருள்ள தாவரத்திலன்றி அது வாழமாட்டாது.

இவ்வகைப் பங்கசுகளில் ஏறத்தாழ 900 இனங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. அவை தாக்கும் பூக்குந் தாவர இனங்களோ ஏறத்தாழ 10,000. பார்வைக்கு எல்லாம் ஒரே வெண்தூள்தான். அங்ஙனமாயின், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றை, திராட்சைக் கொடியின் நோய் ஒன்றைக் கொண்டு விளக்கலாம்.

சுவீடன் நாட்டு அறிஞர் இலினேயசு 1753 இல் பல செடிகளிற் கண்ட வெண்தூளை ஒரே பெயரில் அடக்கி, ‘மியூக்கோர் எரிசைபி’ என்றார். பின்னர் எரிசைபி என்பதே தனிச் சாதியாயிற்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழ்ந்த சுவைனிற்சு என்னும் சமயகுரு, அங்குள்ள திராட்சையில் இத்தகைய பங்கசைக் கண்டார். 1834 இல் வெளியான தமது நூலில் அதற்கு ‘எரிசைபி நெக்கேற்றர்’ எனப் பெயரிட்டார். நெக்கேற்றர் என்பதன் பொருள் ‘கொல்வோன்’ என்பதாகும்.

பதினொரு ஆண்டுகள் கழிந்தன. 1845 இல் இங்கிலாந்தின் மார்கேற் என்னும் ஊரில், தக்கர் என்ற தோட்டக்காரர் கண்ணாடி வீட்டினுள் வளர்ந்த திராட்சையில் வெண்தூளைக் கண்டார். பங்கசு ஆய்விற் பேர்பெற்ற பேர்க்கிலி பாதிரியார் அதனை ஆராய்ந்தார். சங்கிலி போன்று அடுக்கிய வித்திகளையன்றி வேறெதனையும் அவர் காணவில்லை. ஆகவே புதிய இனமெனக் கருதி, 1847 இல் ‘ஓயிடியம் தக்கரி’ என்று பெயரிட்டார்.

அப்பங்கசு கடல் கடந்தது. பிரான்சு தேசத்தில் 1850 இல் சுமார் 4½ கோடி ஹெக்டோலீற்றராக இருந்த திராட்சை மது உற்பத்தி, 1854 இல் சுமார் 1 கோடியே 10 இலட்சமாக வீழ்ந்தது. மதீராத் தீவின் தோட்டங்கள் 1852 முதல் அழிந்தன. கந்தகமே கைகொடுத்தது. வெர்சாயில் கிறிசோன் என்பார் கந்தகத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் காய்ச்சித் தெளித்தார். கந்தகத் தூளைத் தூவும் முறையை மொன்பெலியே நகரத்து மாறே என்பார் நிலைநாட்டினார்.

மருந்து கிடைத்தது, ஆனால் பகைவன் யார் என்பது தெரியவில்லை. 1851 இல் பாரிசு நகரத்து லெவெயே இப்பங்கசுகளை வகுக்க ஒரு முறை கண்டார. இவற்றின் கறுத்த நுண்ணிய கனியுடலில் வித்திப்பைகள் ஒன்றா பலவா என்று பார்த்தார். கனியுடலைச் சூழ்ந்த தூவிகள் கொக்கி போல வளைந்தனவா, கிளைத்தனவா, அடிபருத்த ஊசி போன்றனவா என்றும் நோக்கினார். இவ்வடிப்படையில் சாதிகளைப் பிரித்தார். எனினும் ஐரோப்பியத் திராட்சையிலே கனியுடல் அகப்படவில்லை. 1892 இல் கூடேர்க் என்பவர் பிரான்சில் அதனைக் கண்டெடுத்தபோதுதான் உண்மை வெளியாயிற்று. ஓயிடியம் தக்கரியும் அமெரிக்கக் கொல்வோனும் ஒன்றே! அமெரிக்கக் கொடிகள் நெடுங்காலம் பழகித் தாங்கிய நோய், பழக்கமற்ற ஐரோப்பியக் கொடிகளை வீழ்த்தியிருந்தது.

கொக்கி போன்ற தூவிகள் இருந்தமையால் அப்பங்கசு ‘அன்சினுலா’ என்னும் சாதியில் வைக்கப்பட்டது. 1900 இல் சால்மன் எழுதிய பெருநூல் 6 சாதிகளையும் 49 இனங்களையும் விவரித்தது. ஒரு நூற்றாண்டு காலம் தூவியே அறிஞர்க்கு வழிகாட்டியாயிற்று. பின்னர் பரம்பரையலகுகளை ஒப்பிடும் முறை வந்தது. தூவிகளின் வடிவம் உறவைச் சரிவரக் காட்டாது என்பது புலனாயிற்று. 2000 ஆம் ஆண்டில் பிரௌன், தக்கமட்சு என்னும் இருவர் அன்சினுலாவை எரிசைபியுடன் இணைத்தனர். சுவைனிற்சு இட்ட பெயரே 166 ஆண்டுகளின் பின் மீண்டது.

இவ்வரலாறு நமக்கும் அயலானதன்று. இரப்பர் மரத்தின் இளந்தளிர்களை உதிர்க்கும் வெண்தூள் நோய் 1918 இல் யாவாவிலும் 1925 இல் இலங்கையிலும் அறியப்பட்டது. கனியுடல் காணப்படாமையால் அது ‘ஓயிடியம்’ என்றே நெடுங்காலம் வழங்கிற்று. பரம்பரையலகு ஆய்வே அது ஓக்கு மரத்திலும் மாமரத்திலும் வாழும் எரிசைபி இனமொன்று எனக் காட்டியது.

பெயரிடுதல் ஏட்டளவில் நிற்கும் வேலையென்று எண்ணுவோர் உளர். நோய் எங்கிருந்து வந்தது, எந்த மரத்தில் ஒளிந்திருக்கிறது, அடுத்து எதனைத் தாக்கும் என்பனவற்றை உழவன் அறிய வேண்டுமாயின், அதன் உண்மைப் பெயரை முதலில் அறிதல் வேண்டும். அடுத்த முறை பூசணி இலையில் அவ்வெண்தூளைக் காணும்போது இதனை நினைவு கூர்வீர்களாக.