புத்தளக் கரையோரப் போராட்டங்கள்: ஊரிலிருந்து தனியாளுக்கு

தொழில்மயமான சமூகத்தில் மனிதன் தன் வர்க்கம் முதலிய பழைய பிணைப்புகளிலிருந்து பெயர்ந்து, தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்க வேண்டியவனாகிறான் என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் உல்ரிக் பெக் 1986இல் எழுதினார். இம்மாற்றம் மக்கள் போராட்டங்களை என்ன செய்கிறது? புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் அண்மைக்கால வரலாறு இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது.

நுரைச்சோலை அனல்மின் நிலையத் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பின் முன்னணியில் கத்தோலிக்கத் திருச்சபை நின்றது. தலவில் புனித அன்னம்மாள் திருத்தலம் அருகிலிருந்தது. கடலும் தோட்டமும் கெடும் என்ற அச்சமும் இருந்தது. மக்கள் பங்கு மக்களாகவே திரண்டனர். யாருடன் பேசுவது என்பது அரசுக்கும் தெரிந்திருந்தது. எனினும் 2006இல் கட்டுமானம் தொடங்கியது. 2011 மார்ச்சில் 300 மெகாவாட் கொண்ட முதல் அலகு இயங்கத் தொடங்கியது.

2012 பெப்ரவரியில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துச் சிலாபத்தில் வீதிக்கு இறங்கியவர்கள் மீனவர்கள். அவர்களைப் பிணைத்தது தொழில். துப்பாக்கிச் சூட்டில் அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார்.

அறுவைக்காட்டில் நிகழ்ந்தது வேறு வகை. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின், கொழும்புக் குப்பையை அறுவைக்காட்டுச் சுண்ணக்கல் அகழ்வுப் பகுதிக்குக் கொண்டுசெல்ல அரசு முனைந்தது. 2018 செப்டெம்பர் இறுதியில் புத்தளத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. நூறு நாள்களைக் கடந்தும் அது நீடித்தது. சமயத் தலைவர்களும் அரசியல்வாதிகளும் வந்தனர். ஆயினும், "க்ளீன் புத்தளம்" என்ற பெயரை உலகெங்கும் கொண்டுசென்றவர்கள் முகநூலில் தத்தம் பெயரில் எழுதிய இளைஞர்கள். எவருடைய அழைப்புக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

அதன் பின்னர் 2019 ஏப்ரல் 21 வந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப்பின் முஸ்லிம்கள் அனைவரும் சந்தேகத்துக்குரியோர் ஆயினர். மே 12இல் சிலாபத்துக் கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி மிரட்டலாகக் கொள்ளப்பட்டது. எழுதியவர் தனியாள், தாக்கப்பட்டவையோ அவர் சமூகத்தின் கடைகளும் பள்ளிவாசல்களும். மறுநாள் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் குப்பை லொறிகள் புத்தளம் வந்து சேர்ந்தன.

இங்கேதான் பெக்கின் கருத்துக்கு நம் மண் ஒரு திருத்தம் கோருகிறது. பேசும்போது மனிதன் தனியாள். தண்டிக்கப்படும்போது அவன் மீண்டும் சமூகத்தின் உறுப்பினன். 2022இல் காலிமுகத்திடலில் தலைவரின்றித் திரண்ட மக்கள் ஒரு ஜனாதிபதியையே நாட்டைவிட்டு வெளியேற வைத்தனர். ஆனால் ஜூலை 22 அதிகாலையில் படையினர் கூடாரங்களை அகற்றியபின், கைதுகளை ஒவ்வொருவரும் தனித்தனியே எதிர்கொள்ள நேர்ந்தது.

பழைய அமைப்புகளுக்குத் திரும்புவோம் என்பது நம் வாதமன்று. அவை பெண்களையும் இளைஞர்களையும் பின்வரிசையில் நிறுத்தின. மேலிருந்து ஆணை வந்தால் கலைந்தும் போயின. ஆனால் அடிபட்டவனுக்கு வழக்கறிஞரைத் தேடுவதும், சிறைப்பட்டவன் வீட்டுக்கு அரிசி அனுப்புவதும் சங்கங்களும் திருச்சபையும் பள்ளிவாசலும் செய்துவந்த பணிகள். தனியாள்களாகத் திரளும் புதிய தலைமுறை, திரளும் முன்பே இப்பணிகளை யார் செய்வது என்பதை முடிவுசெய்துகொள்ள வேண்டும்.