பாலாற்று உப்பும் நொய்யல் உப்பும்

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பாலாறு கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் தொடங்கி, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தாண்டி வங்கக் கடலுக்குப் போகிறது. முன்னதைச் சாயப்பட்டறை கெடுத்தது, பின்னதைத் தோல் தொழிற்சாலை கெடுத்தது என்பார்கள். இரண்டு கழிவிலும் பொதுவாக இருப்பது உப்பு. விவசாயியின் கிணற்றை நிரந்தரமாக முடக்கியதும் அதுதான்.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்கத் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். அடர்ந்த நிறமென்றால் இன்னும் கூடுதலாக. துணி சாயத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது, உப்பு அத்தனையும் கழிவோடு வெளியேறுகிறது. தோலிலும் இதே கதைதான். அழுகாமலிருக்க உப்புத் தடவி வரும் பச்சைத்தோலை ஊறப்போட்ட முதல் தண்ணீரிலேயே அந்த உப்பு இறங்கிவிடுகிறது. பாலாற்றுக்குக் கூடுதலாக ஒரு நஞ்சும் வாய்த்தது. முன்பு ஆவாரம்பட்டையில் பதனிட்டவர்கள், அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய 1970களில் கட்டுப்பாடு வந்த பிறகு பெருமளவில் குரோமியத்துக்கு மாறினார்கள். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையொன்றின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு குவிந்து, அதன் மஞ்சள் நீர் நிலத்தில் இறங்கியது.

பொது சுத்திகரிப்பு நிலையங்கள் இரண்டு பகுதியிலும் வந்தன. கசடு படிந்தது, நாற்றம் குறைந்தது, நிறம் வெளுத்தது. கரைந்த உப்பு மட்டும் அப்படியே நின்றது. வெளியேற்றும் கழிவுநீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்புகள் இருக்கக்கூடாது என்பது விதி. அதை எட்ட வேண்டுமானால் சவ்வு வழியே வடிகட்டி, மிஞ்சுவதைக் காய்ச்சி உப்பாகப் பிரிக்க வேண்டும். அதற்கு மின்சாரமும் விறகும் ஏராளமாகப் பிடிக்கும். அந்தச் செலவைத் தவிர்த்தவரை லாபம் ஆலைக்கு, நட்டம் கிணற்றுக்கு.

இவ்வளவு தூரம் ஒன்றுபோல வந்த இரண்டு கதைகளும் பிரிவது ஒரத்துப்பாளையத்தில். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே அங்கே கட்டிய அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. வந்து நிறைந்தது சாயக்கழிவு. நிறம் மாறிய நீரும், நுரையும், செத்து மிதந்த மீனும் வெளிப்படையாகத் தெரிந்தன. அணை வேண்டுமென்று காத்திருந்த விவசாயிகளே, அதில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று போராடும் நிலை வந்தது. பாலாற்றில் அப்படி ஒரு காட்சி இல்லை. ஆண்டின் பெரும்பகுதி அது மணல்தான், நீரோட்டம் அடியில். கழிவும் அந்த மணலுக்குள்ளேயே இறங்கிக் கிணறு கிணறாகப் பரவியது. ஆற்றைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு எதுவும் தெரியாது. வாளியில் மொண்டு வாயில் வைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

நீதிமன்றங்களின் பாதையும் இதையொட்டியே பிரிந்தது என்பது என் கணிப்பு. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஆழமாக ஊன்றியது அதுதான். ஆனால் கிணறு இழந்தவரின் கைக்குப் பணம் முழுதாக வரவில்லை. இழப்பீட்டு ஆணையம் 2001இல் தொகையை நிர்ணயித்த பிறகும் வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள்.

நொய்யல் வழக்கில் புகழ்பெற்ற கோட்பாடு எதுவும் பிறக்கவில்லை. ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் சொன்னது. ஆலைகள் கேட்கவில்லை. 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. அடி பலமானது. வேலை இழந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களின் துயரத்தைச் சிறிதென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகுதான் நீரையும் உப்பையும் மீட்டு மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்பும் முறை திருப்பூரில் வேரூன்றியது. அங்கும் வேலை முடியவில்லை. மறுபடி பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் தேங்கிக் கிடக்கிறது. கழிவு திறந்துவிடப்படுகிறது என்ற புகாரும் ஓயவில்லை.

பாலாற்று வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாக்கி இழப்பீட்டைக் கொடுக்கவும், அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும் ஆணையிட்டிருக்கிறது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 ஆண்டுகள். ஒரத்துப்பாளையத்தில் அணை காட்டிக்கொடுத்ததைப் பாலாற்றில் நாம்தான் காட்டியாக வேண்டும். ஆலைகளைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும் கிணற்று நீரின் உப்பையும் குரோமியத்தையும் மாதந்தோறும் அளந்து, அந்த அளவை ஊராட்சி அலுவலகச் சுவரில் அரசு எழுதி வைக்கட்டும். கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர அந்த ஊர் மக்களுக்கு முழு உரிமை உண்டு. அடுத்த சபையிலேயே கேளுங்கள்.